பட்டியலில் இல்லாத போர்ட்

என் அக்காவுக்குக் காது கேட்பது வரவரக் குறைந்துகொண்டு வந்தது. அதை அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள், கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கிறாள். ஒரு ஞாயிறு போய் அரை மணித்தியாலம் கதவைத் தட்டினேன். ஓர் அசுமாத்தமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தால், அக்கா குசினியில் நின்று மீன் பொரிக்கிறா! "கதவை என்னடி செய்தனீ?" என்று என்மேல் பாய்ந்தாள்.

அன்றே சொல்லிவிட்டேன், வெள்ளவத்தைக்கு வந்து என்னோடு இரு என்று. என் பிளாட்டில் அவளுக்கென்று ஓர் அறையும் ஒதுக்கினேன்.

"வாசல் மணி கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்," என்றாள். "மூண்டு மாசம் தா. சரிவராட்டி வாறன்."

ஓய்வுக்குப் பிறகு எலக்ட்ரோனிக்ஸ் பைத்தியம் பிடித்தவள் அவள். புறக்கோட்டைக் கடையில் மூன்று மைக்ரோகன்ட்ரோலர் போர்ட், நிரல் ஏற்றினால் வேலை செய்யும் சின்ன மின்பலகைகள், வாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்று வாசலுக்கு, ஒன்று குசினிக்கு. வாசலில் பொத்தானை அழுத்தினால் குசினியில் விளக்கு மின்ன வேண்டும். மூன்றாவதை என் கையில் தந்தாள். ஏனென்றால் அவற்றுக்கு நிரல் எழுத அவள் பாவித்த மென்பொருள், உலகத்தில் பலர் சேர்ந்து இலவசமாக வளர்ப்பது. அதில் நானும் ஒருத்தி. "நீ எழுதுற சாமானின்ர பட்டியலில எல்லாரின்ர போர்ட்டும் இருக்கு. என்ர மட்டும் இல்லை," என்றாள். சுருக்கென்றது.

பின்னேரங்களில் உட்கார்ந்து அதையும் சேர்த்தேன். நினைவகம் எவ்வளவு, நிரலை அதற்குள் இறக்குவது எப்படி, எல்லாம் தேடித் தேடி எழுதினேன். வெளிநாட்டிலிருந்து அந்த மென்பொருளைப் பொறுப்பாகப் பார்ப்பவர், இதை யார் பாவிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். என் அக்கா என்று எழுதினேன். மனுசன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

கொட்டாஞ்சேனைக்குப் போனால், அங்கே பிழையாகிப் போனது. அக்கா இரண்டு போர்ட்டையும் மடிக்கணினியில் செருகி வாசல் நிரலை அனுப்ப, அது குசினிப் போர்ட்டில் போய் ஏறியது. "நீ வயரைச் சோல்டர் பண்ணி ஒட்டினதுதான் பிழை!" என்று கத்தினேன். காது கேளாதவளிடம் கத்தி என்ன பிரயோசனம்? கடதாசியிலும் எழுதிக் காட்டினேன். அவள் ஒன்றைக் கழற்றிவிட்டு அனுப்பினாள், சரியாகப் போனது. திரும்ப இரண்டையும் செருகினாள், பிழைத்தது.

"என்ர கை சரி. உன்ர மூளையைப் பார்."

மூளைதான். என் மேசையில் இருந்தது ஒரேயொரு போர்ட். அதனால் முதலில் அகப்படுவதற்கே அனுப்பும்படி எழுதியிருந்தேன். இரண்டு இருக்கலாம் என்ற யோசனையே வரவில்லை. என்னைப்போல் தனியாக இருக்கிறவளுக்கு வேறு என்ன யோசனை வரும்?

உண்மையைச் சொன்னால், அது பிழைத்ததில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம். அக்கா கேட்ட மூன்று மாதத் தவணை முடியப் பத்து நாள்தான் இருந்தது. திருத்தாமல் விட்டால் அக்கா வந்துவிடுவாள். இரண்டு நாள் சாட்டுச் சொல்லிக் கடத்தினேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்து, எந்தப் போர்ட் என்று கேட்டுவிட்டு அனுப்பும்படி மாற்றி எழுதி அக்காவுக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை போய்ப் பொத்தானை அழுத்தினேன். பொறுமையில்லாமல் இன்னும் இரண்டு தரம் அழுத்தினேன். கதவு திறந்தது. அக்காவின் கையெல்லாம் மா, முகமெல்லாம் சிரிப்பு.

"ஒருக்கா அமத்தினாக் காணுமடி. கண் கூசுது!"

இனி அவள் என்னோடு வந்து இருக்கப் போவதில்லை. அதற்கான நிரலை என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது.

"ஏனடி அழுறாய்?"

இப்போதெல்லாம் என் உதட்டைப் பார்த்துத்தான் அவள் பேச்சை விளங்கிக்கொள்கிறாள். ஆகவே நடுக்கம் தெரியாமல் உதட்டை நிதானமாக அசைத்து, "சந்தோசம்," என்றேன்.