எழுந்து நின்றவர்

புலம்பெயர்ந்து வந்த நகரில், விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியின் கிடங்கு ஒன்றில் பன்னிரண்டு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் அவர். பள்ளியில் வேலை செய்துகொண்டே ஆசிரியர் சான்றிதழ் பெறும் திட்டத்தில், அதே நகரின் ஹென்டர்சன் பக்கம் ஒரே பள்ளிக்கு அவரும் நானும் வந்து சேர்ந்தோம்.

நரைத்த மீசை. மற்ற ஆசிரியர்கள் அரைக்கால்சட்டையோடு வரும் இடத்தில், தினமும் தேய்த்த வெள்ளைச் சட்டை. எந்த ஆசிரியர் உள்ளே வந்தாலும் சட்டென்று எழுந்துவிடுவார். யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பழக்கம்.

அவருடைய கணக்குப் பாடத்தை மதிப்பிட ஓர் அம்மையார் வந்த அன்றும் அதுதான் நடந்தது. தரைவிரிப்பில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தவர் விறைப்பாக எழுந்து நின்றார். அவரைப் பார்த்துக் குழந்தைகளும் எழுந்தார்கள். பாடம் பாதியில் நின்றது. உதவிக்கு இருந்த எனக்கு எரிச்சலாக வந்தது.

“இப்ப நீங்களே டீச்சர், சார். எதுக்கு எழுந்தீங்க?” என்று பிறகு கேட்டேன்.

“நான் இன்னும் வாத்தியார் ஆகேல்லை, தங்கச்சி. படிப்பிக்கிற ஆக்கள் வந்தா எழும்பத்தானே வேணும்?”

அப்படியும் தேறிவிட்டார். சான்றிதழ் வந்த காலையில் அவர் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது, தேநீரை மேசையில் வைத்துவிட்டு நான் எழுந்து நின்றேன்.

அவர் அவசரமாக ஒதுங்கி, யார் வருகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.