உப்புத் தண்ணி குடித்த வண்டி

எண்ணூர்க் குப்பத்தில் குமாரவேலுக்குத் தெரியாத போட் இன்ஜின் கிடையாது என்பார்கள். நடுக்கடலில் நின்றுபோன இன்ஜினுக்கெல்லாம் உயிர் கொடுத்துக் கரை சேர்ந்தவர். அந்த நினைப்புதான் அவரைக் கெடுத்தது. முகத்துவாரத்தில் மீன் அற்றுப்போய், படகையும் கைவிட்டுவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் வீட்டோடு உட்கார்ந்துவிட்ட மனிதருக்கு மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

மகன் அர்ஜுன் ஒரு பைக் வாங்கினான். தார் ரோட்டிலும் போகும், கல்லு, மண்ணு, மலை என்று எதிலும் ஏறும் ரகம். சீட்டு அப்பனின் இடுப்புக்கு மேலே நின்றது.

"இது வண்டியா, ஒட்டகமா? மீன் கூடைய எங்கடா வெக்கிறது?" என்றாள் அவன் அம்மா அங்கம்மா.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எண்ணூரில் ஏது மலை? அனல்மின் நிலையம் கொட்டிய சாம்பல் மேட்டைத்தான் மலை என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அவன் அதைப் பார்த்துக்கொண்டது போல யாரும் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். உப்புக்காற்று ஊரில் இரும்பை வைத்திருப்பது பூனைக்கு எதிரே கருவாடு காயவைக்கிற கதை. ஞாயிறு தவறாமல் சந்திலேயே வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுவான். செயினை மண்ணெண்ணெயில் கழுவி ஆயில் விடுவான். ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் பிழிவான். ஒரு வாரத்துச் சாம்பல் கறுப்புக் கஞ்சியாக வடியும். சக்கரக் கம்பிகளை ஸ்பானரால் தட்டிக்கொண்டே வந்து, ஓசை மாறும் கம்பியை மட்டும் முறுக்குவான். ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட குமாரவேல், கொஞ்ச நாளில் பக்கத்தில் குந்தி ஸ்பானர் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். படகு போன பிறகு அப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசியது அந்த வண்டிக்கு மேலேதான்.

அப்புறம் அந்த போன் வந்தது. மேகாலயாப் பக்கம் பைக்கில் ஆட்களை மலைக்கு அழைத்துப் போகும் கம்பெனி ஒன்று, முன்னால் ஓட்டிப் போகவும் வழியில் ரிப்பேர் பார்க்கவும் அர்ஜுனைக் கூப்பிட்டது. சொந்த வண்டியோடு, பொங்கல் முடிந்ததும் வந்து சேர வேண்டும். கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தக் கூலியாகப் புழுதி தின்றுகொண்டிருந்த பையன், அன்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். இவனாவது இங்கிருந்து தப்பிக்கட்டும் என்று அங்கம்மா அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கார்த்திகையில் புயல் வந்தது. மழைத் தண்ணியும் முகத்துவாரத்து உப்புத் தண்ணியும், எவன் விட்டதோ தெரியாத எண்ணெயும் ஒன்றாகக் குப்பத்துக்குள் புகுந்தன. அர்ஜுன் அப்போது ஊரில் இல்லை. வியாசர்பாடியில் மாடிகளில் மாட்டிக்கொண்ட ஜனங்களை இறக்க, குப்பத்துப் பையன்களோடு படகில் போயிருந்தான். போனும் செத்துக் கிடந்தது. வெள்ளம் வடிந்தபோது வண்டி சீட்டு வரை எண்ணெய் பூசிக்கொண்டு நின்றது.

கடல் தண்ணி குடித்த இன்ஜினை ஆறப்போடக் கூடாது, உப்பு உள்ளே உட்கார்ந்தால் தீர்ந்தது என்பது குமாரவேலின் வேதம். பிளக்கைக் கழற்ற வேண்டும், கயிற்றை இழுத்துத் தண்ணியைத் துப்பவைக்க வேண்டும், உடனே ஓடவிட வேண்டும். போட் இன்ஜினில் பிளக்கு கண்ணெதிரே இருக்கும். இங்கே அது டேங்குக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. டேங்கைக் கழற்ற அவருக்குப் பயம். பையன் வண்டியில் கீறல் விழுந்துவிட்டால்? தடவித் தடவிப் பார்த்தார், பொறுமை போயிற்று.

"தள்ளுனா தானா துப்பிடும்," என்றார் பக்கத்து வீட்டு ரவிக்குமாரிடம்.

"அர்ஜுன் வர்ட்டுமே, அண்ணே."

"அவன் வர்றதுக்குள்ள உப்பு துன்னுடும்டா. இம்மா வருசமா நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்? தள்ளு!"

ஏறி உட்கார்ந்து, ரவிக்குமார் தள்ளத் தள்ள, கியரைப் போட்டு கிளட்சை விட்டார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. தண்ணியை நசுக்க முடியாது, இரும்புதான் வளையும் என்பது அவருக்குத் தெரியாததா என்ன? தெரிந்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது.

அர்ஜுன் தூக்கம் கெட்ட கண்ணோடு வந்தான்.

"நான்தாம்பா தள்ளி வுட்டேன்," என்றார் குமாரவேல், அவன் கேட்பதற்கு முன்பே.

சந்தில் சாக்கை விரித்து இன்ஜினைப் பிரித்தான் அர்ஜுன். பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு வளைந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திட்டித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வுடு நைனா. நீ இன்னா பண்ணுவ," என்றான். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தான்.

பொங்கல் வந்து போயிற்று. கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. அர்ஜுன் ஷேர் ஆட்டோவில் யார்டுக்குப் போனான், வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கினான்.

குமாரவேல்தான் விடவில்லை. காசிமேட்டில் லேத் வைத்திருக்கும் பழைய தோஸ்து யாசினிடம், ராடு கோத்திருந்த கிராங்கைச் சுமந்துகொண்டு போனார்.

"இன்னா மாமு, இதயும் போட் இன்ஜின்னு நென்ச்சிட்டியா?" என்று தலையில் அடித்துக்கொண்ட யாசின், புது ராடு வரவழைத்து அழுத்திக் கொடுத்தார். மிச்சத்தை எல்லாம் குமாரவேலே பூட்டினார். டேங்கைக் கழற்றி அங்கம்மாவின் பழைய புடவை மேல் வைத்தபோது, பிளக்கு தானாகக் கைக்குத் தட்டுப்பட்டது. இவ்வளவுதானா என்று அவருக்கு அழுகை வந்தது.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் வண்டி உயிர்பெற்றது. சந்தே அதிர்ந்தது.

"டேய் அர்ஜுன், வந்து கேளுடா!"

கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். தலையைச் சாய்த்துக் கேட்டான். ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கிப் பார்த்தான்.

"அந்தக் கம்பெனிக்கு போன் போடு. வண்டி ரெடியா கீதுன்னு சொல்லு," என்றார் குமாரவேல்.

அர்ஜுன் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

"சூப்பரா கீது நைனா. யார்னா கேட்டா குட்த்துடு."

மறுபடி உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சைலன்சர் சூடு ஆறும் வரை குமாரவேல் அங்கேயே குந்தியிருந்தார். பிறகு மண்ணெண்ணெய் டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு, செயினைத் துடைக்க ஆரம்பித்தார்.