நானூற்றுத் தொண்ணூற்றொன்று

கெலாங் பாத்தாவில் சுப்ஹான் பாயின் ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும் தனலெட்சுமி அக்கா வழக்கம்போலக் காலண்டர் தாளைக் கிழித்தார். நேற்றைய தாள், முந்தாநாள் தாள், இரண்டையும் சேர்த்து, இடது கையால். கிழித்ததைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, "உங்க கடையில மட்டும் இன்னும் செவ்வாக்கெழமையா பாய்?" என்றார்.

"அக்கா வர்ற வரைக்கும் இங்க தேதி மாறாது லா," என்றார் பாய்.

யார் வீட்டுக்குப் போனாலும், எந்தக் கடைக்குப் போனாலும் அக்காவுக்கு இதுதான் முதல் வேலை. தேதி பின்தங்கி நின்றால் அவரால் உட்கார முடியாது. அன்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவும் மாட்டேன் என்றார். இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ முடிந்து மூன்றாவது வந்தது. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு லாயரைப் பார்க்கப் போக வேண்டும். அதைத் தள்ளிப்போடத்தான் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார்.

வலது கை ஷாலுக்குள் இருந்தது. ஷால் நழுவாமலிருக்கத் தோளில் இரண்டு ஊக்கு. ஏழு மாதமாக அந்தக் கை அங்கேதான் குடியிருக்கிறது. கிளாஸைப் பிடிப்பது, பர்ஸைத் திறப்பது, பாயின் பேத்தி சமீராவின் கன்னத்தைக் கிள்ளுவது எல்லாம் இடது கைதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி அது எல்லாவற்றையும் கொஞ்சம் சிந்திச் சிந்திச் செய்யும். கோயிலில்தான் சங்கடம். திருநீற்றை இடது கையில் வாங்க முடியாது. வலது கையை நீட்ட மனசு வராது. ஐயர் தட்டோடு வருவதைக் கண்டதும், செருப்பைத் தேடுகிறவர் மாதிரி வாசலுக்குப் போய்விடுவார். "சாமிக்குத் தெரியாதா தம்பி? பூசுனதா நெனைச்சுக்கும்," என்பார்.

நான் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவன். மூன்றாம் படிவத்தோடு போதும் என்று பள்ளிக்கூடமும் நானும் ஒருமனதாக முடிவு செய்துகொண்டோம். அக்கா வேலையில் இருந்த நாட்களில், காலை ஐந்தே முக்காலுக்கு வேனில் முதலில் ஏறுவது அவர்தான். என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் வீட்டில் நிச்சயம், யார் வீட்டில் சண்டை என்று கேட்பார். நான் நடந்ததோடு கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். "இதுல எத்தன பங்கு தண்ணி சுகு?" என்று கேட்டுவிட்டு, தண்ணீரையும் சேர்த்தே குடிப்பார்.

ஷாம்பு பாட்டிலுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை அது. வாசலில் ஒரு பச்சைப் பலகை. விபத்து இல்லாத நாட்கள் என்று எழுதி, அதன் கீழே மூன்று கொக்கியில் மூன்று எண் அட்டைகள். தினமும் காலையில் ஒன்று கூட்டி மாட்ட வேண்டும். யாருக்காவது அடிபட்டுவிட்டால் மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சைபர் மாட்ட வேண்டும். முதலில் வருகிற ஆள் என்பதால் அந்த வேலை அக்காவிடம் வந்து சேர்ந்தது. பதினெட்டு வருடம் மூடி செய்ததைவிட அட்டை மாட்டியதில்தான் அவருக்குப் பெருமை. ஷாலின் நுனியால் ஒவ்வொன்றையும் துடைத்து மாட்டுவார். முந்தின நாளே வேனில் அறிவிப்பு வந்துவிடும்: "நாளைக்கி நானூத்தி எழுவது, தெரியுமா? அப்புறம் முப்பது நாள்தான்." ஐந்நூறு வந்தால் ஹோட்டலில் விருந்து, ஆளுக்கொரு ஹேம்பர் பரிசுக் கூடை.

நானூற்றுத் தொண்ணூறாவது நாள் மெஷின் அவர் கையைப் பிடித்தது. கதவைத் திறந்தால் தானாக நிற்க வேண்டிய மெஷின். வேலை வேகமாக நடக்கட்டும் என்று கதவு திறந்ததை உணரும் சென்சாரின் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். எல்லாருக்கும் அது தெரியும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன.

ஆம்புலன்ஸ் வந்தால் பதிவாகிவிடும் என்று என் வேனைக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் சபாபதியும் ஏறிக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. அக்கா மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்.

"அக்கா, பத்தே நாளு. எரநூறு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. வீட்டுல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க. ஆஸ்பத்திரி செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

சுற்றிய துணியெல்லாம் ரத்தம். அக்கா வலி என்று சொல்லவில்லை. "என்னாலயா எல்லாருக்கும் போயிடும்?" என்றுதான் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று விசாரித்தார். "வீட்டுல... கிரைண்டர்," என்றார் அக்கா. டாக்டர் அவருடைய தொழிற்சாலை யூனிஃபார்மைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆமா டாக்டர், உளுந்து அரைக்கும்போது," என்றேன். உளுந்து என் சொந்தச் சரக்கு. அக்கா வீட்டில் கிரைண்டரே கிடையாது; தோசை மாவைப் பாக்கெட்டில் வாங்குகிறவர். அன்று அந்த உளுந்தை நினைத்து என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தையல் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். எம்சி என்ற மருத்துவ விடுப்பு எடுத்தாலும் பதிவாகும், சும்மா வந்து கேண்டீனில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று சபாபதி சொல்லியிருந்தார். மறுநாள் ஐந்தே முக்காலுக்கு அக்கா வேனில் ஏறினார். எந்தக் கதையும் கேட்கவில்லை. தொழிற்சாலை வாசலில் இறங்கிப் பலகைக்கு முன்னால் நின்றார்.

"நான் மாட்டுறேங்க்கா," என்று ஓடினேன்.

"வேணாம்பா. அது என் வேல."

கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் கடைசி அட்டையான சைபரைக் கழற்றி, ஒன்று என்ற அட்டையை மாட்டினார். நானூற்றுத் தொண்ணூற்றொன்று. துடைக்கவில்லை.

விருந்து நடந்தது. மேடையில் மேனேஜர் நீட்டிய ஹேம்பரை அக்கா இடது கையால் வாங்கினார். கீழே யாரோ, "மரியாத தெரியாதா?" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எனக்கும் ஒரு ஹேம்பர் கிடைத்தது. மைலோ, பிஸ்கட், ஒரு குடை. குடை இன்னும் வேனில்தான் கிடக்கிறது. மழையில் நனைந்தாலும் நான் அதை விரிப்பதில்லை.

இரண்டு மாதத்தில், வேகம் போதவில்லை என்று அக்காவை நிறுத்திவிட்டார்கள். வேலையில் அடிபட்டவர்களுக்கு உதவும் சொக்சோவுக்குத் தன் மகளை விட்டு எழுத வைத்தார். முடியாது என்று பதில் வந்தது. அங்கே இருப்பவர்களை நொந்து பயனில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வீட்டுக் கிரைண்டர் என்று இருக்கிறது, உளுந்து உட்பட. மேல்முறையீடு செய்யலாம், இன்ன தேதிக்குள் என்று கடிதத்தின் அடியில் போட்டிருந்தது. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போதுதான் அதை என்னிடம் காட்டினார். சபாபதி போனை எடுப்பதில்லை.

லாயரைப் பார்ப்போம் என்றேன்.

"ஐயோ, லாயரா? கொல பண்ணவங்கதான் அங்கல்லாம் போவாங்க. நான் போயி என்னா சொல்லுவேன்? பொய் சொன்னவ நான்தானே தம்பி? கம்பெனி விருந்தச் சாப்பிட்டுட்டு கம்பெனி மேலயே கேஸ் போடுறான்னு நாலு பேரு பேச மாட்டாங்க?"

பேசுவார்கள். வேனில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுக்குப் பிள்ளையார் சுழி போட்டது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். வேன் ஓட்டுகிறவனுக்குக் கை மட்டுமா இருக்கிறது, வாயும் இருக்கிறது.

கெலாங் பாத்தாவிலேயே லாயர் உண்டு. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் பெர்மாஸ் ஜெயா. மூன்றாவது தே தாரிக்கும் முடிந்து, ஒருவழியாகப் புறப்பட்டோம். அலுவலகம் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியில் யாராவது இறங்கி வந்தால், அக்கா கடை வாசலில் நின்று முடி வெட்டும் விலையைப் படித்தார். இரண்டு முறை படித்துவிட்டுத்தான் ஏறினார்.

லாயர் ஷர்மினிக்கு முப்பது வயதிருக்கும். அவர் மேசையில் ஒரு மரக்கட்டைக் காலண்டர். இரண்டு கட்டைகளைத் திருப்பித் திருப்பித் தேதி வைக்கும் வகை. நான்கு நாள் பின்தங்கி நின்றது. அக்கா அதைப் பார்த்தார். தொடவில்லை.

"ஆண்ட்டி, கையக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, ஆறிடுச்சு." ஷால் இன்னும் இறுகியது.

ஷர்மினி வற்புறுத்தவில்லை. "நீங்க ஆஸ்பத்திரில சொன்னது பேப்பர்ல இருக்கு ஆண்ட்டி. இப்ப வேற சொன்னா, அப்ப ஏன் பொய் சொன்னீங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்க. அன்னிக்கி இவங்க அந்த மெஷின் பக்கமே போகலன்னு கம்பெனி சொன்னாலும் சொல்லும். அப்பீல் விசாரணையில நீங்க தனியா நின்னு பதில் சொல்லிடுவீங்களா?"

அக்கா முடியாது என்று தலையை ஆட்டினார்.

"அதுக்குத்தான் நான். ஆனா எங்கிட்டயே பாதிய மறைச்சா, நானும் ஒண்ணும் பண்ண முடியாது. அன்னிக்கி யாரு கூட்டிட்டுப் போனா?"

அக்கா தரையைப் பார்த்தார். என் வேன் ஓடுவது அந்தத் தொழிற்சாலையை நம்பித்தான். அது அவருக்குத் தெரியும்.

"நான்தாம்மா," என்றேன். "உளுந்தும் நான்தான்."

ஷர்மினிக்கு உளுந்து புரியவில்லை. உளுந்து, டேப், வேனில் சபாபதி பேசியது, பச்சைப் பலகை என்று ஒன்று விடாமல் சொன்னேன். தண்ணீர் கலக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டே போனார், சிரிக்கவே இல்லை. பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"மறுநாள் போர்டுல என்னா நம்பர் மாட்டுனீங்க ஆண்ட்டி?"

"நானூத்தித் தொண்ணூத்தொண்ணு."

"என்னா மாட்டியிருக்கணும்?"

அக்கா தோளிலிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினார். வலது கை வெளியே வந்தது. கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைப் பிடித்தார். அது நழுவி மேசையில் உருண்டது. உதவிக்கு வந்த இடது கையை மடியில் இறக்கி வைத்துவிட்டு, மறுபடியும் பிடித்தார். பக்கம் பக்கமாகத் திருப்பி, இரண்டு கட்டைகளிலும் சைபர் வரும்படி வைத்தார். ஷாலின் நுனியால் இரண்டையும் துடைத்து, ஷர்மினியின் பக்கம் தள்ளினார்.