டாக்டர் மேரி கையெழுத்திட்ட கார்டு

எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரில், அரசாங்க மருத்துவமனை ஒன்றின் கேஷுவல்ட்டியில் நான் சீனியர் மெடிக்கல் ஆபிசர். ஹவுஸ்மேன் என்ற பயிற்சி வருடத்தை முடித்துப் புதிதாக வருபவர் நோயாளியைப் பார்த்து, கார்டில் எழுதி, சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டும். என்னைப் போன்ற சீனியர், அட்மிட் பண்ணுவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு சொல்ல வேண்டும். எங்கள் எல்லோருக்காகவும் மேலதிகாரி டாக்டரான ரெஜிஸ்திரார் பதில் சொல்ல வேண்டும். வேலை இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. பெஞ்சுகளில் இடமில்லை. துறைமுகத்தில் கை நசுங்கிய இருவரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆகியிருந்த டாக்டர் மேரி வந்தார்.

"சார், தேக்கா மார்க்கெட் பக்கத்துல தையல் கடை வச்சிருக்கவரு, பேரு காதர். மேல் வயித்துல வலிங்கிறாரு. ரொம்ப வேர்க்குது. ஈசிஜி எடுத்துடலாமா?"

திரையை விலக்கிப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். கட்டிலில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வயித்துல கேஸ்தான் டாக்டர். நேத்து கல்யாண வீட்டு பிரியாணி லா. மருந்து குடுங்க, கடை திறக்கணும்" என்று சிரித்தார்.

அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. இருந்த ஒரே ஈசிஜி மெஷினும் வேறொரு கட்டிலில் ஓடிக்கொண்டிருந்தது.

"கேஸ்ட்ரிக்தான் மேரி. மிக்ஸ்சர் மருந்து குடுத்து அனுப்பிடுங்க."

மேரி கொஞ்சம் தயங்கினார். பிறகு கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மதியம் இரண்டு மணிக்குக் காதரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். தையல் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. நானும் மேரியும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். முக்கால் மணி நேரம் கழித்து நான் "போதும்" என்றேன். அதன் பிறகும் மேரி அழுத்திக்கொண்டிருந்தார்.

வெளியே நின்ற அவர் மனைவியிடம் நான்தான் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை.

"டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டாருன்னு சந்தோஷமா கடைக்குப் போனாங்க தம்பி. காலையிலேயே இங்க படுக்க வச்சிருந்தா பொழைச்சிருப்பாங்களா?"

"சொல்ல முடியாதும்மா" என்றேன்.

உள்ளே ரெஜிஸ்திரார் டாக்டர் பாலன் கார்டோடு மேரி முன்னால் நின்றார். நர்ஸுகள், அட்டெண்டண்டுகள் எல்லோரும் இருந்தார்கள்.

"வேர்க்குதுன்னு நீயே எழுதியிருக்கே. ஈசிஜி எங்கே? யாரைக் கேட்டு அனுப்புனே?"

மேரி என்னைப் பார்த்தார். நான் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவினேன்.

"நான்தான் சார் அனுப்புனேன்" என்றார் மேரி.

மறுநாள் காலை பாலன் அறைக்குப் போனேன். "அனுப்பச் சொன்னது நான் சார். மேரி ஈசிஜி கேட்டாங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்தப் பொண்ணை எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். இதையும் எல்லார் முன்னாடியும் வந்து சொல்லு."

சொன்னேன். கண்டனக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டேன். மேரியிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் என்னைக் குறை சொல்லவில்லை.

"ஒரு தடவைதான் கேட்டேன் சார். இன்னொரு தடவை கேட்டிருக்கணும்."

சில மாதங்களில் அவர் பேத்தாலஜி ஆய்வகத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் வேலைக்கு அவர் திரும்பி வரவேயில்லை.

எண்பதுகளில் நானே ரெஜிஸ்திரார் ஆனேன். புதியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "சந்தேகம் தீரலைன்னா நான் எரிஞ்சு விழுந்தாலும் திரும்பக் கேளுங்க. நான் அனுப்பச் சொன்னா, கார்டுல என் பேரை எழுதுங்க."

அந்தப் பதவிக்கு வந்த பிறகுதான் தேக்காவில் காதரின் கடையைத் தேடிப் போனேன். 'பிழைத்திருக்கலாம் அம்மா, தவறு என்னுடையது' என்று சொல்லத்தான் போனேன். கடையில் வேறு யாரோ இருந்தார்கள். அந்த அம்மா ஊருக்கே திரும்பிப் போய்விட்டாராம். முகவரி யாருக்கும் தெரியவில்லை.

தவறு செய்தால் அன்றைக்கே, உரியவரிடமே சொல்லிவிடுங்கள். மேரி விஷயத்தில் நான் ஒரு நாள் தாமதித்தேன். அந்த அம்மாவிடம் நான்கு வருடம் தாமதித்துவிட்டேன்.