ஏழாம் எண் தாய்

முடிச்சூர் ரோட்டில் பிளவுஸ் தைக்கும் ஷபீனாவிடம் ஒரு கெட்ட பழக்கம். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். கூரியர்காரர்கூட வாசலில் நின்று தலையைச் சொறிவார். அந்தப் பழக்கத்துக்காகத்தான் தாம்பரத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கமிட்டியில் அவளை உட்கார வைத்தார்கள். டாக்டர் இல்லாத வெளியாள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது அங்கே விதி. "புரியலைன்னா விடாம கேப்பா, இவளைப் போடுங்க" என்று சிபாரிசு செய்தவர் ஆபீஸ் வேலை பார்க்கும் சுந்தரவல்லி அக்கா.

போட்டார்கள், சரி. வாயைத் திறக்க விட்டார்களா? மூன்று வருஷமாக டீ, சமோசா, கையெழுத்து. சுந்தரவல்லி அக்கா கூட்டத்துக்கு முன்பே மினிட்ஸை டைப் அடித்து வைத்துவிடுவார். "பொது உறுப்பினர்: ஆட்சேபம் இல்லை" என்ற கடைசி வரி மட்டும் மாறவே மாறாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு ஐந்தரை மணி ரயிலைப் பிடிக்கவேண்டும்.

இந்தத் தடவை விஷயம் லேசானதில்லை. டிரஸ்ட்டிடம் இந்த வருஷம் ஒரே ஒரு ஆராய்ச்சிக்குத்தான் பணம். போட்டியில் இரண்டு. ஒன்று, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஸ்டெம்செல் ஊசி. மற்றது, வீட்டிலேயே பிள்ளையைப் பேசப் பழக்க அம்மாக்களுக்குப் பயிற்சி கொடுத்து, பலன் உண்டா என்று பார்ப்பது. ஊசி என்றால் பேப்பரில் வரும். அம்மாக்களுக்குப் பயிற்சி என்றால் யார் சீந்துவார்கள்?

ஷபீனாவின் மகன் ஜைதுக்கும் ஆட்டிசம்; ஒன்பது வயது, இன்னும் பேச்சு வரவில்லை. அதனால் இவள் ஊசி பக்கம்தான் என்று கமிட்டியில் எல்லாருமே நினைத்துக்கொண்டார்கள்.

ஊசி ஆராய்ச்சியைக் கொண்டுவந்தவர் டாக்டர் ராகவேந்திரா. நல்ல மனுஷர், குழந்தைகளிடம் கோபப்படத் தெரியாதவர். "நிரூபணம் இல்லைதான், அதுக்குத்தானே ஆராய்ச்சி? வெளியூர் கிளினிக் ஒண்ணுல இருபது குழந்தைங்களுக்குப் போட்டிருக்காங்க. பதினோரு அம்மாங்க முன்னேற்றம்னு சொல்லியிருக்காங்க. பெத்தவங்க தினம் என் ரூம் வாசல்ல வந்து நிக்கறாங்க சார்."

"வாசல்ல நிக்கறது ஆதாரம் ஆகாது டாக்டர்" என்றார் தோத்தாத்ரி. காலேஜில் புள்ளியியல் நடத்தி ரிட்டயர் ஆனவர். அரை மணி நேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஷபீனா வழக்கம்போல ஊசி ஆராய்ச்சியின் ஃபைலைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாக்கள் சொன்னதை அடுக்கியிருந்த முப்பத்தி நாலாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. 'தாய் 7: பிஸ்கட் கவர் சத்தம் கேட்டா முன்னாடி கவரைத்தான் பாப்பான். இப்ப என் முகத்தைப் பாக்கறான்.'

அது அவள் சொன்ன வார்த்தை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளும் புருஷன் ஹிதாயத்துல்லாவும் ஜைதைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போனது இதே வெளியூர் கிளினிக்குக்குத்தான். ஊசி போட்ட இருபதாம் நாள், பதிவு செய்யப் போனை நீட்டி, "ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார்கள். நன்றி, நப்பாசை, இரண்டும் சேர்ந்து பேச வைத்தன. இரண்டாம் மாதமே ஜைத் பழையபடி கவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். ஏமாந்த கதையை வெட்கப்பட்டுக்கொண்டு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கமிட்டித் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப ஊசிக்கே கொடுத்துடலாம். எல்லாருக்கும் சம்மதம்தானே?" மினிட்ஸ் அவள் முன்னால் வந்தது. பேசாமல் இருந்தால் வெட்கக்கேடு வெளியே வராது. ஊசி தாம்பரத்துக்கே வரும், ஜைதுக்கும் ஓர் இடம் கிடைக்கலாம். இந்தத் தடவை பலிக்காது என்று யார் கண்டார்கள்? அந்த ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை.

"சார், இந்த ஏழாம் நம்பர் நான்தான்" என்றாள்.



"பொய் சொல்லல சார். அன்னிக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. அப்புறம் போயிடுச்சு. போயிடுச்சான்னு யாரும் கேக்கல. சரி, மீதி ஒம்பது பேர் எங்க? பிளவுஸ் சரியில்லைன்னா சண்டை போட வர்றவங்க கொஞ்சம் பேர்தான். மத்தவங்க பேசாம வேற கடைக்குப் போயிடுவாங்க. சண்டை வரலைன்றதை வெச்சு நான் நல்லா தைக்கறேன்னு சொல்லிக்க முடியுமா?"

தோத்தாத்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை நேரம் அவர் சொல்லத் திணறியதைத்தான் அவள் சொல்லிவிட்டாள்.

ராகவேந்திரா ஃபைலில் முப்பத்தி நாலாம் பக்கத்தைத் திருப்பிப் படித்தார். பிறகு மெதுவாக, "இப்ப ஜைத் எப்படி இருக்கான்மா?" என்றார்.

"நாலு வருஷத்துல இதைக் கேட்ட முதல் டாக்டர் நீங்கதான் சார்."

அவர் ஃபைலை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இருபது வீட்டையும் தேடிக் கேட்டுட்டு அடுத்த வருஷம் வரேன். இந்த வருஷம் அம்மாங்களுக்குக் கொடுங்க." யாரும் மறுக்கவில்லை.

சுந்தரவல்லி அக்கா மினிட்ஸைத் திரும்ப டைப் அடித்துக் கொண்டுவந்தார். ரயில் போனது போனதுதான். "அக்கா, அந்தக் கடைசி வரியை மட்டும் நானே எழுதறேன்" என்று ஷபீனா பேனாவை வாங்கினாள். 'பொது உறுப்பினர்: ஊசிக்கு ஆட்சேபம் உண்டு, காரணம் பக்கம் 34' என்று எழுதினாள். முதல் வரியிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்தாள். கர்வமாகத்தான் இருந்தது, இருந்தால் என்ன? மூன்று வருஷமாகப் போட்ட அதே இடத்தில் கையெழுத்துப் போட்டாள். 'ஷபீனா, தாய் 7.'