தறிக்குழியில் என் வீட்டுக்காரர்

என் மகளுக்குப் பாட்டு என்றால் சோறு மாதிரி. அரிசி களையும்போது பாடுவாள், துணி பிழியும்போது பாடுவாள். பாதியில் வரி மறந்துபோனால் தானே எதையோ போட்டு இழுத்துக்கொண்டு போவாள். யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்ததே கிடையாது. "கொஞ்ச நேரம் வாய மூடேன்டி, தலை வலிக்குது" என்று நானே எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் பாடியதை யாரோ போனில் எடுத்துப் போட, அது சுற்றிச் சுற்றி ஒரு பாட்டுப் போட்டி நடத்தும் டிவிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. சென்னைக்குக் கூப்பிட்டார்கள், பாடினாள், எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கரென்ட் ஆபீஸில் லைன்மேன் அவர். கம்பத்து உச்சியில் நின்றுகொண்டே போனில், "எம் பொண்ணு டிவில வருதுபா" என்று சொல்லியிருக்கிறார். விழுந்து தொலைத்திருந்தால்?

பிறகு எங்கள் வீட்டைப் படமெடுக்க வந்தார்கள். கேமராக்காரர்களைக் கூட்டி வந்த டிவிக்காரன் எங்கள் மாடிவீட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். ஹேங்கரில் தொங்கிய காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"தறி எங்க சார்?"

"தறி இல்லபா. நான் லைன்மேன்."

"காஞ்சிபுரம்னு போட்டுட்டு லைன்மேன்னு காட்டினா யார் சார் பார்ப்பாங்க?"

நான் பட்டுக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டுகிறவள். இந்த ஊரில் தறிப் பக்கமே போகாதவர்கள் எத்தனையோ பேர் என்று சொன்னேன். "அக்கா, நீங்க சும்மா இருங்கக்கா" என்றான். என் வீட்டில் நின்றுகொண்டு!

பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசுகிற நெசவாளி ஒருவர், என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். அவர் தறியைக் கேட்டு வாங்கி, காலால் மிதித்து நெய்கிற குழிக்குள் இவரை இறக்கினார்கள். வாழ்நாளெல்லாம் மேலே ஏறியே பழகிய மனிதர், கீழே காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார். கேமரா ஓடுகிறது என்றதும் வீரமாக ஒரு மிதி மிதித்தார். படபடவென்று பாவு இழைகள் அறுந்தன.

"அய்யய்யோ, இன்னாபா இது! கம்பத்துல ஏறுற மாதிரியா மிதிப்ப? உன் பொண்ணு மொகத்துக்காவ வுட்டேன். எய்ந்திரிபா மொதல்ல!" என்று நெசவாளி தலையில் அடித்துக்கொண்டார். அவர் குனிந்து இழைகளை முடிந்துகொண்டிருந்ததையும் விடாமல் எடுத்தார்கள். டிவியில் அந்தக் கைகள்தான் என் வீட்டுக்காரரின் கைகள் என்று வந்தன.

மகளைத் தறிக்குப் பக்கத்தில் நிறுத்தி அழச் சொன்னார்கள். "எதுக்கு அழுவணும்? எங்கப்பாவுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது" என்றாள். "போதும், வாடி வீட்டுக்கு" என்று நான் கையைப் பிடித்தேன். அவர்தான், "ஒரே ஒரு வாட்டிமா, அப்பாவுக்காக" என்று கெஞ்சினார். அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'நெசவாளியின் மகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டு ஒளிபரப்பினார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஃபியூஸ் போடப் போன இடத்திலெல்லாம் அவரை, "இன்னா நெசவாளி, கம்பத்துல தறி போட்டுக்கினு கீறியா?" என்று கேட்டார்கள். அவர் அதையும் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்வார். சூடு சொரணை இல்லாத மனிதர்.

போட்டியில் முழுப்பாட்டுக்கு இடமில்லை. குரல் உச்சிக்குப் போகிற துண்டை மட்டும் வெட்டிக் கொடுப்பார்கள். பாடி முடித்ததும் நிமிர்ந்து நடுவர்களைப் பார்க்க வேண்டும், அவர்கள் சொல்லப்போவதற்கு ஏங்குவது கண்ணில் தெரிய வேண்டும். அதையும் சொல்லிக்கொடுத்தார்கள். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆக வேண்டும்? சில வாரம் குரைத்தாள். கடைசியில், "குரல் இருக்கு, உயிர் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார் ஒரு நடுவர். பாவிகள்! என் வீட்டிலிருந்து போகும்போது உயிரோடுதானே போனாள்?

"அடுத்த வருஷம் வேற சேனல்ல பாத்துக்கலாம்மா" என்றார் என் வீட்டுக்காரர். மறுநாள் மகள் அரிசி களைந்தாள், துணி பிழிந்தாள். குழாய்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

போன வாரம் நானும் அவளும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பொறுக்க முடியாமல், "எதனா பாடேன்டி" என்றேன். பெற்ற நாளாய் அவளிடம் நான் அப்படிக் கேட்டதில்லை.

"எந்தப் பாட்டுமா?"

"எதனா ஒண்ணு. சும்மா."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு அடுப்பங்கரை நடுவில் நேராக நின்றாள். எடுத்ததும் உச்சியில் எடுத்தாள். ஒரு சொல் தவறவில்லை, ஒரு பிசிறு இல்லை. அந்தத் துண்டு முடிந்ததும் டக்கென்று நிறுத்திவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "தேங்க்யூ" என்றாள்.