கெட்டிக் கண்ணாடி என்றால் என்ன?

'கெட்டி' என்ற சொல்லைத் தமிழிலிருந்து அன்றைக்கு ஒரு நாள் மட்டும் யாராவது எடுத்து ஒளித்து வைத்திருக்கலாம். அண்ணனுக்கு நல்ல கிளாஸ் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

துபாயிலிருந்து திரும்பிய அண்ணன் விராலிமலை ஹைவே ஓரத்தில் டீக்கடை போட்டிருந்தான். மறுநாள் திறப்பு. முதல் நாளே கிளாஸ் உடைந்தால் கடை விளங்காது என்று அவனுக்கு ஒரே பயம். புதுக்கோட்டைப் பாத்திரக் கடைக்கு என்னையும் கூட்டிப் போனான். நான் கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதற்காக அல்ல, பை தூக்க.

"உடையாததா கொடுங்க" என்றான்.

கடைக்காரர் அடிப்பாகம் தடித்த கிளாஸை நீட்டினார். "இது கெட்டிங்க."

"தடிமன்னு சொல்றீங்களா, உடையாதுன்னு சொல்றீங்களா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே பாப்பா!"

பாப்பாவாம்! ரெண்டும் ஒன்றே அல்ல. கொதிக்கிற டீ பட்டதும் கண்ணாடியின் உள்பக்கம் விரியும். வெளிப்பக்கத்துக்குச் சூடு போய்ச் சேர நேரமாகும். தடிக்கத் தடிக்க அந்த இழுபறி கூடி விரிசல் விடும். லேப் பீக்கர் செய்கிற போரோசிலிகேட் கண்ணாடி சூட்டுக்கு அவ்வளவாக விரியாது, மெல்லிசானாலும் தாங்கும். அலமாரியில் இருந்த அந்த ரக மெல்லிசு கிளாஸைக் காட்டி, இதை அங்கேயே நின்று மூன்று தடவை சொன்னேன்.

"லேப்ல பீக்கரை அப்படியே சூடு பண்ணுவோம்ண்ணே."

"ஒங்க லேப்ல யாராச்சும் பீக்கர்ல டீ குடிச்சாங்களா? இம்புட்டு மெல்லிசு, கையில புடிச்சா சுடாது?"

சுடும்தான். அது எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்காரர் வேறு சிரித்தார். தடி கிளாஸே பைக்குள் போனது.

காலையில் முதல் டீ. பச்சைத் தண்ணீரில் அலசிய ஈரம் காயாத கிளாஸில் அண்ணன் கொதிக்கக் கொதிக்க ஊற்றினான். டக்! அடிப்பாகம் வட்டமாகக் கழன்று விழுந்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. 'நான்தான் சொன்னேனே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சில்லுகளைப் பொறுக்கினேன்.

டீக்குக் காத்திருந்த லாரி டிரைவர் சிரித்தார். "திருஷ்டி கழிஞ்சதுன்னு விடுங்கண்ணே. மொதல்ல வெந்நி ஊத்தி அலசிட்டு ஊத்துங்க, ஒண்ணும் ஆகாது."

கிளாஸை முன்னாடியே சூடாக்கிக்கொண்டால் போதும். எனக்குத் தெரியாததா? மூன்று தடவை பிரசங்கம் செய்தவளுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லத் தோன்றியதா?

அண்ணனுக்கு உயிர் வந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினான்.

"நீதான் கெமிஸ்ட்ரியாச்சே. இங்கிட்டு வந்து அலசு."

சாயங்காலம்வரை அலசினேன். ஒன்றுகூட உடையவில்லை.